உங்கள் பெற்றோரிடம் கேளுங்கள்

என் அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அம்மா அதற்கும் முன்னாலேயே போய்விட்டாள். எனக்குத் தலையில் பாதி நரை. ஒரு வாரம் தலைக்கு மை போட மறந்தால் எதிரே வருகிறவர்கள் உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார்கள். அப்பேர்ப்பட்ட என்னைப் பார்த்து ஒரு சனிக்கிழமை காலையில் டேப்லெட் சொன்னது: 'இந்த ஆப்பை நிறுவ உங்கள் பெற்றோரிடம் அனுமதி கேளுங்கள்.'

முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஏழாம் வகுப்பு படிக்கிற என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, ஒன்னையச் சின்னப் பிள்ளைங்குது" என்றாள்.

"நீதான் எதையாவது அமுக்கி வச்சிருப்பே. கைய எடுட்டி, எண்ணெய்க் கை" என்று அவளை விரட்டிவிட்டு மறுபடி முயன்றேன். மறுபடியும் அதேதான். டேப்லெட்டை அணைத்துப் போட்டேன். திரும்ப அப்பா அம்மாவைத்தான் கேட்கச் சொன்னது. சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கிற இரண்டு பேரிடமும் நான் என்னத்தைக் கேட்பது?

நான் ஏற்றப் பார்த்தது ஒரு ரோபோவை ஓட்டுகிற ஆப். ரோபோ என்றதும் சினிமாவில் வருகிற மாதிரி கையும் காலுமாக நினைக்க வேண்டாம். உள்ளங்கையில் அடங்குகிற மஞ்சள் பிளாஸ்டிக் வண்டி. இரண்டு சக்கரம், முன்னால் இரண்டு கண். ஆப்பைத் திறந்தால் கலர் கலராகக் கட்டைகள் வரும். 'முன்னால் போ', 'வலப்பக்கம் திரும்பு', 'நில்' என்று ஒவ்வொன்றிலும் ஒரு கட்டளை இருக்கும். விரலால் இழுத்து ஒன்றன் கீழ் ஒன்றாகக் கோத்தால், அந்த வரிசைப்படி வண்டி ஓடும். பிள்ளைகளுக்குக் கோடிங் சொல்லிக்கொடுக்க இப்போது இதுதான் வழியாம்.

ராஜபாளையம் ரோட்டில் ஒரு தனியார் பள்ளிக்கூடம். 'ரோபோ வகுப்பு ஆரம்பம்' என்று வாசலில் பெரிய போர்டு வைத்துவிட்டார்கள், வகுப்பு எடுக்கத்தான் ஆள் இல்லை. நான் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பு டியூஷன் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் பயன்பட்டது. டியூஷனுக்கு வருகிற ஒரு பிள்ளையின் அம்மா சொல்லி, அந்தப் பள்ளிக்கூடத்தின் பிரின்சிபல் மேடம் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். "திங்கக்கிழமை முதல் பீரியட், அஞ்சாம் வகுப்புக்கு ஒரு டெமோ கிளாஸ் எடுங்க டீச்சர். நல்லா இருந்தா அன்னைக்கே ஆர்டர் தர்றோம். எங்க டேப்லெட் இன்னும் வரல, உங்க டேப்லெட்டக் கொண்டு வந்துருங்க" என்று சொல்லி ரோபோப் பெட்டியைக் கையில் கொடுத்தார். வேலை கிடைக்கும் முன்னாலேயே டீச்சர் என்று கூப்பிட்டுவிட்டாரே என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

இது எனக்கு வந்த முதல் வேலை இல்லை. முன்னால் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கூப்பிட்டார்கள், அதற்குப் பிறகு ஒரு வக்கீல் ஆபீஸில் கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும் வீட்டுக்காரரிடம் முதலில் சொன்னேன், இரண்டும் போயிற்று. அவர் சவூதியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. குடிக்க மாட்டார், கை நீட்டியதில்லை, ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. "பாப்போம்" என்பார். அந்தப் 'பாப்போம்' காது குளிரக் கேட்டுக்கொண்டிருப்பதற்குள் அங்கே வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அதனால் இந்தத் தடவை ஆர்டர் கைக்கு வந்த பிறகு சொல்வது என்று முடிவு செய்திருந்தேன். அதற்குள் டேப்லெட் அனுமதி கேட்கச் சொல்கிறது. என்னுடைய போனோ பழசு. அதில் இந்த ஆப் ஏறவே ஏறாது என்று முதல் நாளே கையை விரித்துவிட்டது.

அந்த டேப்லெட், போன லீவுக்கு வந்திருந்தபோது அவர் வாங்கிக் கொடுத்தது. எங்கள் ஊரில் புதுப் போன் வாங்குகிறவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியைப் பிரித்து அக்கவுண்ட் போடுவதில்லை. "எல்லாத்தையும் ஏத்திக் குடுத்துருங்க" என்று கடையிலேயே நீட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது மெயில், பாஸ்வேர்டு, பிறந்த தேதி, வாட்ஸ்அப் எல்லாம் தயாராக இருக்கும். எந்தத் தேதியில் பிறந்தோம் என்பது கடைக்காரர் கையில். அன்றைக்கு அவர்தான் கடைக்குப் போனார். அவர் கிளம்பும் நாள் நெருங்கிவிட்டது என்று நான் வீட்டில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது யோசித்தால் ஒன்று நினைவுக்கு வருகிறது. தை மாதம் மகளுடைய பிறந்த நாளன்று அந்த டேப்லெட்டைத் திறந்தபோது கேக்கும் பலூனுமாக ஒரு படம் வந்து, என் பெயரைப் போட்டு வாழ்த்துச் சொன்னது. மகள் பிறந்த நாளில் பெற்றவளையும் வாழ்த்துகிறதே, மனிதர்களுக்கு இல்லாத மரியாதை இதற்கு இருக்கிறதே என்று எனக்கு ஒரே பெருமை. அதை எதிர்வீட்டுக்காரியிடம்கூடக் காட்டினேன்.

சனிக்கிழமை மத்தியானம் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு ரத வீதியில் இருக்கிற அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என்னைவிட வயது கம்மி, தம்பி என்றுதான் கூப்பிடுவேன். "தம்பி, வயசத் தப்பாப் போட்டுட்டீக போல. என்னையச் சின்னப் பிள்ளைன்னு நெனச்சிட்டு அனுமதி கேக்கு. கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க" என்றேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். "தப்பாப் போடலக்கா. அண்ணாச்சிதான் இப்படிப் போடச் சொன்னாக."

"எந்த அண்ணாச்சி?"

"நம்ம அண்ணாச்சிதான், ஒங்க வீட்ல." வேறு ஒரு வாடிக்கையாளருக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டிக்கொண்டே சாவகாசமாக விளக்கினார். "வெளிநாட்டுல இருக்கவுக முக்காவாசிப் பேரு இதத்தான் கேக்காகக்கா. ஃபேமிலி செட்டிங்னு சொல்லுவோம். வீட்ல என்ன ஆப் ஏத்துனாலும் அவுகளுக்கு மெசேஜ் போகும், அவுக ஓகே குடுத்தாத்தான் ஏறும். பெரியவுக வயசுக்கு இந்த செட்டிங் வராது. அதான் பேரு ஒங்க பேரு, பொறந்த தேதி பாப்பாவோடது."

"அப்போ எனக்கு இப்போ என்ன வயசு?"

நான் விளையாட்டுக்குக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். "பன்னெண்டுக்கா" என்று சிரித்தார். ஸ்கிரீன் கார்டுக்கு நின்ற ஆளும் சேர்ந்து சிரித்தான்.

கத்த வேண்டும் போல இருந்தது. கத்த முடியவில்லை. திங்கட்கிழமை கிளாஸ். "சரி, இத அழிச்சிட்டு என் வயசுக்குப் புதுசா ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றேன்.

"போடலாம்க்கா, ரெண்டு நிமிஷ வேலை. ஆனா அழிச்சா அண்ணாச்சிக்கு மெசேஜ் போயிரும். நாளைக்கு என்னையல்லா கேப்பாக. குடும்பத்துக்குள்ள நமக்கு எதுக்குக்கா வம்பு. நீங்க அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க." என் முகம் போன போக்கைப் பார்த்து ஆறுதலாக ஒன்று சொன்னார். "பதிமூணு வயசு ஆயிட்டுன்னா அதுவே கேக்கும்க்கா. அதுக்கப்புறம் நீங்களே பொறுப்பு எடுத்துக்கிடலாம்."

வெளியே வந்து நின்றேன். கோயில் வாசலில் வழக்கம் போலக் கூட்டம். எத்தனை பெண்கள் கையில் போனோடு போகிறார்கள், இவர்களில் எத்தனை பேருக்கு என்னைப் போல வயது குறைந்திருக்கிறதோ என்று எண்ணிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

எதிர்வீட்டு மதினியிடம் நல்ல புதுப் போன் இருக்கிறது. அவள் வீட்டுக்காரர் குவைத்தில். விஷயத்தைச் சொல்லாமல், "ஒரு ஆப் ஏத்திக்கிடுதேன் மதினி, திங்கக்கிழமை ஒரு காலை மட்டும் போன் வேணும்" என்று கேட்டேன். "இதுக்கு எதுக்குக் கேட்டுக்கிட்டு" என்று போனை நீட்டிவிட்டு அவள் புளி கரைக்கப் போய்விட்டாள். மகராசி. நான் ஆப்பைத் தேடி அமுக்கினேன். 'உங்கள் பெற்றோரிடம் அனுமதி கேளுங்கள்' என்று வந்தது.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கடைக்காரர் சொன்னதையும் சொன்னேன். அவள் புளிக்கையோடு எட்டிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு இரண்டு பேரப்பிள்ளைகள் உண்டு.

"இருந்துட்டுப் போவுது மதினி" என்றாள். "அவுக அங்க வெயில்ல கெடந்து வேகுதாக. இங்க என்ன நடக்குன்னு தெரிஞ்சா அவுகளுக்கு ஒரு நிம்மதி. நாம என்ன தப்பா பண்ணுதோம். பாத்தாப் பாத்துட்டுப் போறாக."

தப்புப் பண்ணாதவளை எதற்குப் பார்க்க வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. அவளிடம் கோபித்து என்ன ஆகப் போகிறது? தெருவில் இன்னும் சில வீடுகளில் டேப்லெட் உண்டு. எல்லாம் அதே கடை, அந்த ஆண்களும் வெளிநாட்டில்தான் இருக்கிறார்கள். நான் யாரிடமும் கேட்கப் போகவில்லை.

வேறு வழியில்லாமல் சாயங்காலம் டேப்லெட்டில் 'அனுமதி கேள்' என்ற இடத்தை அமுக்கினேன். அமுக்கும்போது விரல் கூசியது.

கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர் வீடியோவில் வந்தார். "என்னட்டி, ரோபோ ரோபோன்னு ஏதோ மெசேஜ் வந்திருக்கு?"

"அது இருக்கட்டும். என்னையப் பிள்ளைக் கணக்குல போட்டு வச்சிருக்கீகளே, அது எதுக்கு?"

"ச்சே, அது பாப்பாவுக்காகப் போட்டது. அவளும் அதுலதான பாக்கா. நெட்ல என்னென்னத்தையோ காட்டுதான்."

"அப்போ பாப்பா பேர்லயே போட்டிருக்கலாம்லா?"

"கடைக்காரப் பய ஏதோ போட்டுட்டான். விடு."

கடைக்காரப் பயல் சொன்னது எனக்குத் தெரியும் என்று சொல்லியிருப்பேன். ஆனால் அவர் விரல் அமுக்கினால்தான் திங்கட்கிழமை எனக்கு உண்டு. அதனால் விழுங்கிக்கொண்டேன். பள்ளிக்கூடம், ரோபோ வகுப்பு, டெமோ, ஒன்பதரைக்கு முதல் பீரியட், நன்றாக எடுத்தால் அன்றைக்கே ஆர்டர் என்று ஒன்று விடாமல் சொன்னேன். 'பாப்போம்' வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"சரி, போயிட்டு வா" என்றார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு போனை எடுத்து எதையோ அமுக்கினார். டேப்லெட்டில் ஆப் இறங்க ஆரம்பித்தது.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் வந்தது என்றால், அந்த மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. இப்போது நினைத்தால் அந்தக் கண்ணீரை நினைத்துத்தான் அதிகம் எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஹாலில் சாக்பீஸும் கையுமாகக் கிடந்தேன். எங்கள் ஊர்க் கோயிலில் ஆடித் தவசுத் திருவிழா முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பிள்ளைகளுக்கு இன்னும் சப்பரமும் தேரும்தான் பேச்சு. அதனால் ரோபோவைத் தேராக்கிவிட்டேன். தரையில் நான்கு ரத வீதியையும் சதுரமாக வரைந்து, தேர் கிளம்பி நாலு வீதியும் சுற்றி நிலைக்கு வர வேண்டும் என்று கட்டைகளைக் கோத்தேன். திருப்பத்துக்குத் திருப்பம் 'வலப்பக்கம் திரும்பு'. முதலில் மூலைக்கு மூலை கோணலாகப் போய் சோபாவில் முட்டியது. மொசைக் தரையில் ஒரு சக்கரம் வழுக்குகிறது என்று கண்டுபிடித்து வேகத்தைக் குறைத்தேன். பிறகு ஒழுங்காகச் சுற்றி, கிளம்பின இடத்திலேயே வந்து நின்றது. மகள் அதன் தலையில் கொஞ்சம் பிச்சிப்பூவைக் கிள்ளி வைத்துவிட்டு, "அம்மா, நீ சூப்பர் டீச்சர்" என்றாள்.

திங்கட்கிழமை ஐந்தாம் வகுப்பில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு சிமெண்டுத் தரையில் வரைந்தேன். டேப்லெட்டை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மேஜையில் சாய்த்து வைத்தேன். பிரின்சிபல் மேடம் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர், கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சுற்றுவட்டாரத்துத் திருவேங்கடத்திலிருந்தும் மேலநீலிதநல்லூரிலிருந்தும் வேனில் வருகிற பிள்ளைகள்கூடத் தேர் எங்கே திரும்பும் என்று என்னோடு சண்டைக்கு வந்தார்கள். கட்டைகளை அவர்களையே கோக்கச் சொன்னேன். தப்பாகக் கோத்தார்கள், தேர் சுவரைப் பார்க்கப் போயிற்று, அவர்களே சரி செய்தார்கள். என் தொண்டையில் பழைய காலேஜ் தைரியம் திரும்பி வந்திருந்தது. நடுவில் டேப்லெட்டின் மேல் ஓரத்தில் சின்னதாக ஏதோ எழுத்து வந்து போனது. நான் இருந்த வேகத்தில் அதைக் கவனிக்கவில்லை.

கடைசியாக, சரியாகக் கோத்த தேர் கிளம்பியது. முதல் வீதி போனது, திரும்பியது. இரண்டாம் வீதி போனது, திரும்பியது. பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வீதியில் பாதியில் நின்றுவிட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். டேப்லெட்டில் ஆப்பைக் காணோம். ஒரு பூட்டுப் படம் இருந்தது, அதன் கீழே எழுத்து: 'இந்தச் சாதனம் பூட்டப்பட்டுள்ளது. திறக்க உங்கள் பெற்றோரிடம் கேளுங்கள்.'

வகுப்பே அதைப் படித்தது. முன் வரிசையில் ஒரு பெண்பிள்ளை எழுந்து, "மிஸ், எங்க வீட்லயும் இப்படித்தான் பூட்டிக்கிடும். ஒங்க அப்பாவுக்குப் போன் போடுங்க மிஸ், தொறந்து விட்ருவாங்க" என்றாள். எனக்கு உதவி செய்கிறோம் என்றுதான் சொன்னாள் பாவம். யாரும் சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

வராந்தாவுக்கு வந்த பிறகு பிரின்சிபல் மேடம் என் தோளைத் தொட்டார். "ரொம்ப நல்லா எடுத்தீங்க டீச்சர். இந்த கிளாஸ் இவ்வளவு ஆர்வமா இருந்து நான் பாத்ததே இல்ல."

"மேடம், உங்க போன்ல ஏத்திக் காமிக்கட்டுமா? அஞ்சு நிமிஷம்."

"அதுக்கில்ல" என்று இழுத்தார். "வீட்ல பேசி முடிச்சிட்டு வாங்க. முன்னால ஒரு டீச்சரோட வீட்டுக்காரர் ஆபீஸ்ல வந்து நின்னு ஒரே சத்தம். எங்களுக்கு அதெல்லாம் தாங்காது டீச்சர். நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க, நாங்களும் பாக்குறோம்."

நான் எப்படி வகுப்பு எடுத்தேன் என்பது அவருக்குத் தெரியும். அதற்கு மேல் அந்தப் பூட்டும் தெரிந்துவிட்டது. வீட்டில் பூட்டி வைத்த பிள்ளையை யார் வேலைக்கு வைப்பார்கள்?

பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"டேப்லெட் ஏன் பூட்டிக்கிட்டு?"

"அதா. பத்துலேருந்து நாலு வரைக்கும் பூட்டிக்கிடும்னு நேத்துதான் போட்டேன். பள்ளிக்கூட நேரம்லா. பாப்பா படிப்பு கெட்டுறக் கூடாது பாரு."

"பாப்பா அந்த நேரம் பள்ளிக்கூடத்துல இருப்பா. டேப்லெட் வீட்ல இருக்கும். அப்போ வீட்ல யாரு இருப்பா?"

அவர் பக்கத்தில் ஏதோ லாரி பின்னால் வருகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஒன்பதரைக்கு கிளாஸ்னு நான் சொன்னேன்லா?"

"மறந்துட்டேன்ட்டி" என்றார். பிறகு, "ஒனக்கு நான் என்ன கொறை வச்சேன்" என்றார். அதற்கும் பிறகுதான், "கிளாஸ் என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"பாப்போம்னு சொல்லிட்டாக."

"அதான. என்ன அவசரம் இப்போ. பாப்போம்" என்றார். குரலில் ஒரு நிம்மதி இருந்ததை நான் கேட்டேன். இத்தனை வருஷம் அந்தக் குரலை மட்டும் வைத்துத்தானே குடித்தனம் நடத்துகிறேன், எனக்குத் தெரியாதா?

அந்த வேலைக்கு இப்போது ஒரு பையன் வருகிறானாம். ரோபோப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிச்சிப்பூவின் காம்பு ஒன்று அதன் சக்கரத்தில் சிக்கியிருந்தது, எடுத்துத் துடைத்துத்தான் கொடுத்தேன். ஆப் மட்டும் டேப்லெட்டில் இருக்கிறது. நாலு மணிக்குப் பூட்டுத் திறந்ததும் மகள் அதில் வெறும் கட்டைகளை இழுத்துக் கோத்துக்கொண்டிருக்கிறாள். ஓட்டுவதற்கு வண்டி இல்லை.

வரும் தை மாதம் அவளுக்குப் பதிமூன்று ஆகிறது. எனக்கும்தான். அன்றைக்குக் கேக்கும் பலூனுமாக என் பெயரைப் போட்டு வாழ்த்து வரும். கூடவே, இனிமேல் உங்கள் கணக்கை நீங்களே பார்த்துக்கொள்கிறீர்களா என்றும் கேட்குமாம், கடைக்காரர் சொன்னது. கேக் வெட்டுவதெல்லாம் பிறகு, முதலில் அம்மா அந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று மகளிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

"அப்பாவுக்கு மெசேஜ் போகுமேம்மா" என்றாள்.

"போகட்டும்" என்றேன்.